பெட்டைக் குதிரையின் முரண்டு: எல்லாவற்றுக்கும் பருவம் காரணமல்ல

கேள்வி: கொடைக்கானல் ஏரிக்கரையில் சவாரிக்கு 2 குதிரைகள் வைத்திருக்கிறேன். அதில் ஒன்று 7 வயதுப் பெட்டை, போன ஆடியில் அந்தியூர் சந்தையில் வாங்கியது. சாது என்று பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் மாதத்தில் சில நாள் ஆளே மாறிவிடுகிறது. வாலைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடுகிறது. வேறு குதிரை பக்கத்தில் வந்தால் கத்துகிறது, உதைக்கப் போகிறது. வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வருகிறது. சீசனில் குழந்தைகளை ஏற்றவே பயமாக இருக்கிறது. "ஒரு தடவை சினைக்கு விடு, அடங்கிடும்" என்கிறார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஊசி கிடைக்கும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் மூன்று சங்கதிகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். வாலைத் தூக்குவதும் சிறுநீரைப் பீய்ச்சுவதும் பருவத்துக்கு, அதாவது இணைசேரத் தயாராகும் நாட்களுக்கு, வந்த குதிரையின் அடையாளம். கத்தி உதைப்பது பருவமாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பட்டை இறுக்கும்போது கடிக்க வருவதை மட்டும் நான் பருவத்தின் கணக்கில் எழுத மாட்டேன். அது பெரும்பாலும் வலி. பெட்டை என்பதாலேயே எல்லா முரண்டையும் பருவத்தின் தலையில் போட்டுவிடுகிறோம். ஆண் குதிரை பட்டைக்குக் கடித்தால் உடனே சேணத்தைப் பார்க்கிற அதே ஆள், பெட்டை கடித்தால் "அதுக்கு நாள் சரியில்ல" என்று விட்டுவிடுவார்.

முதலில் பருவத்தைப் பார்ப்போம். பசு வைத்திருப்பவர்களுக்கு 21 நாள் கணக்கு தெரியும். குதிரைக்கும் ஏறக்குறைய அதே 21 நாள்தான். ஆனால் பசுவின் பருவம் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். குதிரைக்கு 5 முதல் 7 நாள் வரை நீடிக்கும். அது முடிய ஒன்றிரண்டு நாள் இருக்கும்போதுதான் சினைமுட்டை வெளியேறும். அதன்பிறகு சுமார் 2 வாரம் அமைதி, அப்புறம் மறுபடி ஆரம்பம். பருவத்தில் இருக்கும் குதிரை பின்னங்காலை அகட்டிக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும், வாலை ஒருபக்கமாக ஒதுக்கும், பிறப்புறுப்பின் இதழ்களைத் திறந்து திறந்து மூடும், மஞ்சளாகக் கொஞ்சம் சிறுநீரை விடும். கவனம் வேலையில் இருக்காது. கூப்பிட்டால் காது உங்கள் பக்கம் திரும்பாது, தூரத்தில் நிற்கும் ஆண் குதிரை பக்கமே இருக்கும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பருவம் முற்றிய நாட்களில் பெட்டை ஆண் குதிரைக்கு இணங்கித்தான் நிற்கும். காதை மடக்கி, கத்தி, பின்னங்காலை வீசுவது அதிகமும் பருவம் இல்லாத நாட்களின் குணம். "கிட்ட வராதே" என்று சொல்லும் உடல்மொழி அது. பருவம் தொடங்கும் முதல் நாளில் கத்தலும் முன்காலால் தரையை அடிப்பதும் இருக்கலாம், அது சகஜம். ஆனால் மாதம் முழுக்க எல்லாக் குதிரையையும் உதைக்கிறது என்றால் பருவம் அதற்கு விளக்கமாகாது.

குளிர்நாடுகளில் எழுதப்பட்ட குதிரைப் புத்தகங்களில் குளிர்காலத்தில் பெட்டை பருவத்துக்கு வராது என்று இருக்கும். குதிரையின் பருவத்தைப் பகல் வெளிச்சம் நடத்துகிறது. கோடையிலும் குளிரிலும் பகல் நீளம் பல மணி நேரம் மாறும் ஊர்களுக்கு அது சரி. நம் பழனி மலையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே சுமார் 11½ மணி நேரம், மிக நீண்ட பகல் 12¾ மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதனால் இங்கே பல குதிரைகள் வருஷம் முழுக்கச் சுழற்சியில் இருக்கும். தீவனம் குறைந்து உடம்பு இளைத்தால் சில மாதம் நின்றுபோகும், தேறியதும் மீண்டும் வரும். அப்படி மீண்டும் வரும் சமயத்தில் முதல் சுற்று ஒழுங்கில்லாமல் 10, 15 நாள் இழுத்துக்கொண்டு போவதுண்டு. அதைக் கண்டு உடனே பயப்பட வேண்டாம்.

ஆகவே முதல் வேலை, கொட்டகையில் ஒரு மாதக் காலண்டரை மாட்டுங்கள். வாலைத் தூக்கிச் சிறுநீர் பீய்ச்சும் நாளில் ஒரு வட்டம். உதைத்த, கடித்த, நடக்க மறுத்த நாளில் ஒரு பெருக்கல் குறி. வேறெதுவும் எழுத வேண்டாம். 3 சுற்று, அதாவது இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல், விடாமல் போடுங்கள். வட்டமும் பெருக்கலும் ஒரே நாட்களில், 3 வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து வந்தால் பருவம்தான். பெருக்கல் குறிகள் மாதம் முழுக்க இறைந்து கிடந்தால் வேறு காரணம். "அமாவாசை வந்தா இப்படித்தான் பண்ணுது" என்று சொல்பவர்கள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். அதையும் இதே தாளில் சரிபார்க்கலாம். அமாவாசைக்கு அமாவாசை 29½ நாள், குதிரைக்கு 21 நாள். ஒரு மாதம் இரண்டும் ஒத்துப்போனாலும் அடுத்த மாதமே விலகிவிடும்.

காலண்டர் நிரம்பும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்ய வேண்டியது முதுகுச் சோதனை. சேணத்தை இறக்கி, குதிரையைச் சமதரையில் நிறுத்துங்கள். முதுகெலும்பிலிருந்து 4 விரல் அகலம் தள்ளி, விரல்நுனிகளைச் சேர்த்து வைத்து, தோள்மேட்டிலிருந்து இடுப்புவரை ஒரே அழுத்தத்தில் மெதுவாக இழுத்துவாருங்கள். இரண்டு பக்கமும் செய்யுங்கள். கை போகும் இடத்தில் தோல் லேசாகத் துடிப்பது பரவாயில்லை. முதுகு சட்டென்று கீழே இறங்கினாலோ, வால் வெடுக்கென்று அடித்தாலோ, தலையைத் திருப்பி உங்கள் கையைப் பார்த்தாலோ அந்த இடத்தில் வலி இருக்கிறது. சேணம் உட்காரும் இடத்தில் வெள்ளை முடி திட்டாக முளைத்திருந்தால் அது பழைய அழுத்தத்தின் தடம்.

அடுத்து சேணம். ஒரு பழைய வெள்ளை வேட்டியைத் துவைத்து, சுருக்கமில்லாமல் விரித்துப் போட்டு, அதன்மேல் சேணத்தை வையுங்கள். அரை மணி நேரம் சவாரி போய்விட்டு வந்து வேட்டியை எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் அழுக்கு சீராக, அகலமாகப் படிந்திருக்க வேண்டும். நடுவில் முதுகெலும்பு ஓடும் பாதை வெள்ளையாகவே இருக்க வேண்டும். நடுவிலும் அழுக்கு ஏறியிருந்தால் சேணம் எலும்பின்மேல் உட்கார்கிறது. ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தால் பஞ்சு அமுங்கிப் போயிருக்கிறது. முன் இருந்த குதிரையின் சேணத்தையே இதற்கும் போடுகிறீர்களா என்று பாருங்கள். ஏரிக்கரையில் ஒரே சேணம் மூன்று முதுகு பார்ப்பது நடக்கிற கதைதான். சீரகக் குழம்பு வைத்த சட்டியில் பால் காய்ச்சுவது போன்ற வேலை அது.

முதுகும் சேணமும் சரி என்றால், அடுத்த சந்தேகம் இரைப்பைப் புண். குதிரையின் இரைப்பை தின்றாலும் தின்னாவிட்டாலும் இரவு பகலாக அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் எச்சில் மெல்லும்போது மட்டும்தான் வரும். காலை 8 மணிக்குச் சேணம் பூட்டி ஏரிக்கரையில் நிறுத்தி, சாயங்காலம்வரை நடுவில் ஒரு பை தீவனம், பயணிகள் நீட்டும் பன், கேரட் என்று ஓட்டினால் காலி இரைப்பையில் அமிலம் தளும்பும். இரைப்பையின் மேல்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் பாதுகாப்பு கிடையாது. ஓட ஓட அங்கே தெறித்துப் புண்ணாகும். அப்படிப்பட்ட குதிரை பட்டையைப் பார்த்ததுமே காதை மடக்கும். சவாரிக்கு முன் இரண்டு பிடி உலர்ந்த புல்லாவது தின்னக் கொடுங்கள். நிற்கும் இடத்தில் ஒரு வலைப்பையில் புல் தொங்கட்டும். புல் இல்லாத இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். இதிலேயே சில வாரத்தில் கடிப்பது குறைந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. குறையாவிட்டால் டாக்டர் அமிலத்தைக் குறைக்கும் மருந்தை எடைக்கேற்பத் தருவார். மனிதர் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக உடைத்துப் போடாதீர்கள்.

காரணம் எதுவானாலும் பட்டையை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள். முதலில் சேணம் நழுவாத அளவுக்கு மட்டும். பத்தடி நடத்தி ஒரு துளை. ஆள் ஏறுவதற்கு முன் கடைசித் துளை. கொடைக்கானல் குளிரில் காலையில் முதுகுச் சதை விறைத்திருக்கும், 10 நிமிடம் வெறுமனே நடத்திவிட்டுப் பூட்டினால் பாதிச் சண்டை இருக்காது.

இனி நிஜமாகவே பருவத்தில் இருக்கும் அந்த 5, 6 நாட்கள். இங்கே என் முதல் கவலை உங்கள் குதிரை இல்லை, பக்கத்தில் நிற்கும் காயடிக்காத ஆண் குதிரை. பருவத்துப் பெட்டையின் மேல் அது தாவினால் முதுகில் இருக்கும் குழந்தையை யாரும் பிடிக்க முடியாது. அந்த நாட்களில் குழந்தைகளை இதில் ஏற்றாதீர்கள், அவ்வளவுதான், இதில் பேரமே வேண்டாம். கூட்டம் அதிகமுள்ள இடத்தை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள், காற்று ஆண் குதிரைகள் பக்கம் வீசாத இடமாக. வரிசையாகப் போகும்போது இதைக் கடைசியில் விடுங்கள், பின்னால் உதை வாங்க யாரும் இருக்க மாட்டார்கள். முன் குதிரைக்கும் இதற்கும் ஒரு குதிரை நீளம் இடைவெளி இருக்கட்டும். உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டுவது சவாரிக்காரர்களிடையே உள்ள வழக்கம். பயணிகளுக்குப் புரியாது, ஆனால் உங்கள் சக குதிரைக்காரர்களிடம் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும்.

வேலையை அடியோடு நிறுத்தவும் வேண்டாம். கட்டிப்போட்டால் இன்னும் அதிகமாகத்தான் தவிக்கும். பெரியவர் ஒருவர் ஏறி, நடை, நிறுத்தம், திருப்பம் என்று அடிக்கடி மாற்றிக் கேட்டால் கவனம் ஆள் பக்கம் திரும்பும். நேராக நீளப் பாதையில் விட்டால் மனசு ஆண் குதிரையைத் தேடிப் போய்விடும். சிறுநீர் விட நின்றால் விடட்டும், அதற்குச் சாட்டை எடுக்காதீர்கள். ஆளை முட்டித் தள்ளினால் மட்டும் மற்ற நாளில் எப்படிக் கண்டிப்பீர்களோ அப்படியே கண்டியுங்கள். பின்னங்காலில் சிறுநீர் காய்ந்து அரிப்பெடுக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தால் போதும், உறுப்புக்குள் சோப்பு போக வேண்டாம்.

கொள்ளைக் குறைத்தால் பருவச் சூடு அடங்கும் என்பார்கள். சுழற்சி கொள்ளால் நிற்காது. ஆனால் வேலை இல்லாத நாளிலும் முழு அளவு கொள்ளு போட்டால் எந்தக் குதிரையும் துள்ளும். சவாரி இல்லாத நாளில் பாதியாக்கிப் புல்லைக் கூட்டுங்கள். சூட்டை நம்பிச் செய்தாலும் பலன் கிடைக்கும் ஒரு சில பழக்கங்களில் இது ஒன்று.

சினைக்கு விடும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. குதிரைச் சினை 11 மாதம். அதில் பிற்பகுதியில் சவாரிக்கு ஆகாது, குட்டி பிறந்த பிறகும் சில மாதம் ஆகாது. இவ்வளவுக்கும் பிறகு, ஈன்ற 7 முதல் 10 நாளுக்குள் அடுத்த பருவம் வந்துவிடும். பழைய கதை அங்கிருந்தே தொடரும். குட்டி வேண்டுமென்றால் சினைக்கு விடுங்கள், குணத்தை மாற்றுவதற்காக விட வேண்டாம்.

மெடிக்கல் ஷாப் ஊசி என்று உங்களிடம் சொன்னது பெரும்பாலும் பெண்களுக்கான 3 மாதக் கருத்தடை ஊசியாக இருக்கும், மெட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். அது குதிரையில் பருவத்தை அடக்குவதில்லை என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பணம் வீண். குதிரைக்கென்று வேலை செய்யும் மருந்து ஆல்ட்ரினோஜெஸ்ட். தினமும் ஒரு வேளை வாய்வழியாக, கிலோவுக்கு 0.044 மில்லிகிராம், அதாவது 300 கிலோ மலைக்குதிரைக்குச் சுமார் 13 மில்லிகிராம். 2, 3 நாளில் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடக் கூடாது. முக்கியமாக இது தோல் வழியாகவே உடம்பில் ஏறும். கர்ப்பமாக இருக்கும் பெண்கள் தொடவே கூடாது, மற்றவர்கள் கையுறை போட வேண்டும். தீவன வாளியை வீட்டுப் பெண்கள் கழுவும் வழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த மருந்தை ஒரு சுற்று கொடுத்துப் பார்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: பருவ அடையாளம் நின்றும் கடி நிற்கவில்லை என்றால் வலியைத் தேட வேண்டியதுதான்.

பருவத்தை நிறுத்தக் கருப்பைக்குள் கண்ணாடிக் கோலி வைக்கும் முறை ஒன்றும் இருந்தது. பலன் நிச்சயமில்லை, உள்ளே உடைந்த சம்பவங்களும் உண்டு. வேண்டாம்.

சில அடையாளங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. பருவம் வாரக்கணக்கில் நிற்காமல் ஓடுவது, அல்லது பெட்டை ஆண் குதிரை மாதிரி மற்ற பெட்டைகள் மேல் ஏறப் பார்ப்பது, கழுத்து தடித்துக்கொண்டு வருவது, குணம் நாளுக்கு நாள் முரடாவது: இவை சினைப்பையில் கட்டி இருப்பதைக் காட்டலாம். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் வரும், பரவாத வகை. ஸ்கேனிலும் ரத்தப் பரிசோதனையிலும் தெரியும், அறுவை செய்து எடுத்தால் சரியாகும். சிறுநீர் விட முக்குவது, ரத்தம், துர்நாற்றம், சீழ் போன்ற வடிதல் இருந்தால் பருவமில்லை. சிறுநீர்ப்பையிலோ பிறப்புறுப்பிலோ தொற்று இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம்.

டாக்டரைக் கூப்பிட 1962 எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது. ஸ்கேன் தேவைப்பட்டால் தேனி, உடுமலை, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் குதிரைக்குப் பார்க்கிறார்களா என்று போன் செய்து கேட்டுவிட்டு வண்டி ஏற்றுங்கள். சினைப்பையை ஆசன வாய் வழியாகத்தான் சோதிப்பார்கள். மாடு நிறுத்தும் சட்டத்தில் குதிரை பழகாமல் பின்னால் உதைத்துக் காலை மாட்டிக்கொள்ளும். அதனால் அதற்குப் பழகிய ஆள் ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்க வேண்டும். முடிந்தால் உங்களுடைய இன்னொரு குதிரையையும் துணைக்கு அழைத்துப் போங்கள், அது காயடித்ததாக இருந்தால்.