மாதவிடாய் நின்றபின் எலும்பு பலவீனமாவது ஹார்மோனாலா, உட்கார்ந்தே இருப்பதாலா?

கேள்வி: "வயது 52. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி குறைவு என்று வந்திருக்கிறது. ஹார்மோன் குறைந்ததால் வந்ததா, உடல் அசையாததால் வந்ததா? தினமும் நடந்தால் சரியாகிவிடுமா?"

இரண்டாலும்தான். ஆனால் இரண்டும் வெவ்வேறு வழியில் எலும்பைக் குறைக்கின்றன. அதனால் ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றை முழுசாக ஈடுகட்ட முடியாது. பிசியோதெரபிஸ்ட் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். வருகிறவர்களில் பலர் கால்சியம் மாத்திரையோடு விஷயம் முடிந்தது என்று நினைத்திருப்பார்கள்.

எலும்பு ஓயாமல் மராமத்து நடக்கும் வீடு மாதிரி. பழைய எலும்பைக் கரைக்க ஒரு வகை செல்கள், அந்தக் குழியை நிரப்ப இன்னொரு வகை. கரைப்பது சில வாரங்களில் முடிந்துவிடும். நிரப்ப மாதக்கணக்கில் ஆகும். மாதவிடாய் நிற்கும்போது குறைகிற ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன். அது இருக்கும்வரை கரைக்கும் செல்கள் அடங்கி இருக்கும், அவற்றின் ஆயுளும் குறைவு. அது குறைந்ததும் அந்த செல்கள் பெருகுகின்றன, அதிக நாள் வாழ்கின்றன, ஒரே நேரத்தில் பல இடங்களில் குழி விழுகிறது. நிரப்பும் செல்களும் சும்மா இருப்பதில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு அவற்றால் ஈடுகொடுக்க முடியாது.

முதுகெலும்பின் உட்பகுதி கெட்டியானது அல்ல, மெல்லிய எலும்புக் கம்பிகள் பின்னிய வலை. ஒரு கம்பி மெலிந்தால் அதைத் திரும்பத் தடிக்க வைக்கலாம். நடுவில் அறுந்துவிட்டால் புது எலும்பு ஒட்ட அங்கே இடமே இருக்காது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு வருடங்கள் முக்கியம் என்று சொல்வது இதனால்தான். அந்தக் காலத்தில் சிலருக்கு எலும்பில் 20 சதவீதம் வரை போய்விடலாம். அப்புறம் வேகம் குறையும்.

(ஈஸ்ட்ரோஜன் பெண்களுக்கு மட்டுமான விஷயம் என்று நினைக்க வேண்டாம். ஈஸ்ட்ரோஜனை உணரும் ஏற்பியே மரபணுக் கோளாறால் வேலை செய்யாத 28 வயது ஆண் ஒருவரைப் பற்றி 1994-இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆண் ஹார்மோன் இயல்பாகவே இருந்தது, ஆனாலும் எலும்பு அடர்த்தி மிகக் குறைவு.)

சரி, அசையாமல் இருப்பது என்ன செய்கிறது? எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் செல்கள் இருக்கின்றன. எலும்பின் மேல் விழும் பாரத்தை உணர்வது இவைதான். பாரம் குறைந்தால் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தை இவை அதிகமாகச் சுரக்கும். அது எலும்பு கட்டும் வேலைக்கு பிரேக் போடும். விண்வெளி வீரர்களுக்கு இடுப்பெலும்பில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைந்ததை அளந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஹார்மோன் குறைவு எதுவும் இல்லை, எடை இல்லாத இடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆக, உங்கள் நிலையில் ஒரு பக்கம் கரைப்பது கூடியிருக்கிறது, இன்னொரு பக்கம் கட்டுவதற்கான தூண்டுதல் இல்லை. போதாததற்கு, பாரத்துக்கு எலும்பு பதில் சொல்வதிலும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிக்குப் பங்கு உண்டு. அதனால் இருபது வயதில் கிடைத்த பலன் அதே பயிற்சிக்கு இப்போது கிடைக்காது. கடுமையாகப் பயிற்சி செய்தும் சரியாகச் சாப்பிடாமல் மாதவிடாய் நின்றுபோன இளம் ஓட்ட வீராங்கனைகளுக்கு முதுகெலும்பு அடர்த்தி குறைந்திருந்ததை 1980-களிலேயே கண்டார்கள். ஹார்மோன் இல்லாத குறையை ஓட்டத்தால் மட்டும் தீர்க்க முடியவில்லை.

இனி நடைக்கு வருவோம். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நடை நல்லது, விடாதீர்கள். ஆனால் எலும்புக்கு அது பழகிப்போன பாரம். முதுகெலும்பில் நடையால் மட்டும் பெரிய மாற்றம் வருவதில்லை. நீச்சலும் சைக்கிளும் இந்த ஒரு விஷயத்தில் அதைவிடக் குறைவு. எலும்பு பதில் சொல்வது பழகாத, சற்றுக் கனமான, சட்டென்று விழும் பாரத்துக்குத்தான். அதுவும் நிறைய வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப ஒரே பாரம் விழுந்தால் கொஞ்ச நேரத்தில் அந்த செல்கள் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். ஆஸ்திரேலியாவில் எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம், மேற்பார்வையில் கனமான பளு தூக்கவும் குதிக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். எட்டு மாதத்தில் கீழ்முதுகில் அடர்த்தி கூடியது. மேற்பார்வை என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடாதீர்கள். தனியாக வீடியோ பார்த்துப் பளு தூக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹார்மோன் சிகிச்சை எலும்பு முறிவைக் குறைக்கும், அதில் சந்தேகமில்லை. 2002-இல் வெளியான அமெரிக்கப் பெரும் ஆய்வில் இடுப்பு முறிவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் மார்பகப் புற்றுநோய், ரத்தக்குழாயில் ரத்தம் உறைவது போன்ற ஆபத்துகள் ஆளுக்கு ஆள் வேறுபடும்; நிறுத்தினால் எலும்பு இழப்பும் திரும்பும். அதை உங்கள் மருத்துவரிடம்தான் பேச வேண்டும்.

உங்கள் டி-ஸ்கோர் (இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டு ஸ்கேன் அறிக்கையில் தரும் எண்) எவ்வளவு என்று எழுதவில்லை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் இடையில் என்றால் பயிற்சிக்கு நல்ல நேரம். மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால், அல்லது உயரம் குறைந்திருந்தால், முதலில் முதுகெலும்பில் நசுங்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை முதுகை வளைத்துக் குனிந்து பாதத்தைத் தொடுவது, படுத்து எழும் வயிற்றுப் பயிற்சி இரண்டும் வேண்டாம். அடுத்த ஸ்கேனை ஒரு வருடத்துக்கு முன்னால் எடுக்காதீர்கள், முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள். வேறு வேறு இயந்திரங்களின் எண்களை நேராக ஒப்பிட முடியாது.