லயத்திலிருந்து ஹேக்குக்கு: கேள்வி பதில்

நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த இலங்கையர், நீதியரசர் சி.ஜி. வீரமந்திரி. அவரைப் பற்றிப் போன வாரம் எழுதிய குறிப்புக்கு, லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. நான் ஹட்டனில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன், சட்டத்தரணி அல்ல. தொடங்கும் முன் ஒன்று: நாடுகளுக்கிடையிலான வழக்கைக் கேட்கும் சர்வதேச நீதிமன்றம் வேறு, தனியாட்களின் குற்றத்தை விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் வேறு. இரண்டும் ஹேக்கில் இருப்பதால் ஒன்றாகிவிடாது.

பொகவந்தலாவ மாணவி: சேர், அவரைப் பற்றிப் பரீட்சைக்குச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1926இல் பிறந்தார். 1967 முதல் 1972 வரை எங்கள் உயர் நீதிமன்ற நீதியரசர். பிறகு அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர். 1991 முதல் 2000 வரை சர்வதேச நீதிமன்ற நீதிபதி, கடைசி மூன்று வருடம் உப தலைவர். 2006இல் யுனெஸ்கோவின் சமாதானக் கல்விப் பரிசு. 2017இல் காலமானார். பரீட்சைக்கு இது போதும் மகள். அவரை விளங்கிக்கொள்ள இது போதாது.

மஸ்கெலியா: அணுகுண்டு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தவர் அவர்தானே?

இல்லை. படம் போட்டுப் பகிரும் எல்லாரும் செய்யும் பிழை இது. 1996 ஜூலை 8இல் வந்தது தீர்ப்பே அல்ல, ஐ.நா. பொதுச்சபை கேட்டதற்கு நீதிமன்றம் கொடுத்த ஆலோசனைக் கருத்து. அணு ஆயுதப் பாவனை பொதுவாகச் சட்டத்துக்கு முரண் என்றார்கள். ஆனால் ஒரு நாடு அழியும் நிலையில் தன்னைக் காக்கப் பாவித்தால் எப்படி என்று அறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒரு கதவைத் திறந்து விட்டார்கள். அந்தப் பந்தியில் வாக்கு ஏழுக்கு ஏழு. தலைவரின் மேலதிக வாக்கால் நிறைவேறியது. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்று மாற்றுக் கருத்து எழுதியவர்தான் வீரமந்திரி. மாற்றுக் கருத்து தீர்ப்பாகாது.

அதை எழுதும்போது அவர் கைவைத்த சான்றுகளில் ஒன்று இராம–இராவண யுத்தம். எதிரியின் குலத்தையே, ஆயுதம் ஏந்தாதவரையும் சேர்த்து அழிக்கும் அஸ்திரம் இலக்குவன் கைக்கு வருகிறது. பாவிக்காதே என்கிறான் இராமன். அருச்சுனன் பாசுபதத்தைப் பாவிக்காமல் விட்டதையும் சொல்கிறார். நுவரெலியாவிலிருந்து ஹக்கலைப் பக்கம் போகிறவர்கள் சீதையம்மன் கோயிலடியில் வேனை நிறுத்திக் கும்பிடுகிறோம். அவரோ அதே கதையைச் சட்டச் சான்றாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். போருக்கு வரம்பு உண்டு என்பதை ஐரோப்பா வந்து எங்களுக்குச் சொல்லித் தரவில்லை என்பதே அவருடைய வாதம்.

நோர்வூட்: எங்கள் 7 பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் தரவில்லை. ஹேக்கில் வழக்குப் போடலாமா?

முடியாது. அங்கே நாடுகள் மட்டுமே வழக்காடலாம். பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

பதுளை: சூழல் பற்றி ஏதும் சொன்னாரா?

1997இல் டனியூப் நதி அணைக்கட்டுக்காக ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் வழக்காடின. தனிக் கருத்தில் எங்கள் குளங்களைப் பற்றி எழுதினார். அபிவிருத்தியும் வேண்டும், சூழலும் வேண்டும், இரண்டையும் இணங்க வைப்பதே சட்டத்தின் வேலை என்றார். மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தபோது தலவாக்கலையில் கேட்ட கேள்வியும் ஏறக்குறைய அதுதான்.

வட்டவளை: லயக் காணிக்கு சர்வதேச நீதிமன்றம் போக…

நோர்வூட்காரருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

தலவாக்கலை: அணுகுண்டு, ஆறு, எல்லாம் சரி சேர். 1964இல் மலையகத் தமிழர் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரை ஆட்டுக்குட்டி போல எண்ணிப் பிரித்தார்களே, அதுவும் இரு நாட்டு ஒப்பந்தம்தானே? எங்களை வெட்டியதே சர்வதேசச் சட்டம்தான். அதால் சமாதானம் வரும் என்று நீங்கள் படிப்பிக்கிறீர்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொல்வது சரி. எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் 1948 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. 25 நாள் கழித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு தேசிய உரிமை உண்டு என்று ஐ.நா. பிரகடனம் செய்தது. இலங்கை அப்போது ஐ.நா.வில் உறுப்பினர்கூட இல்லை. பிறகு, நீங்கள் சொன்ன 1964 ஒப்பந்தம், இரு நாட்டுப் பிரதமர்கள் பெயரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதி பாதி. எங்கள் ஆள் ஒருவரின் கையெழுத்தும் அதில் இல்லை.

கண்டி, சட்ட மாணவர்: அது அரசியலின் குற்றம், சட்டத்தின் குற்றம் அல்ல.

தம்பி, அவ்வளவு லேசாகக் கழுவ முடியாது. எங்கள் ஆட்களின் வாக்குரிமைக்கான கோடாக்கன் பிள்ளை வழக்கு 1953இல், அப்போது எங்களுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. அங்கே இருந்தவர்கள் அரசியல்வாதிகளா? சட்டம் படித்தவர்கள்தான் தோற்கடித்தார்கள்.

தலவாக்கலை: அப்போ வீரமந்திரி உழைத்தது வீண்தானே?

கிழக்குத் தீமோர் வழக்கைப் பாருங்கள். அந்த மக்களின் கடலில் உள்ள எண்ணெய் பற்றி அவுஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் 1989இல் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டன. தீமோர்காரரை யாரும் கேட்கவில்லை. அந்த நாட்டை முன்பு ஆண்ட போர்த்துக்கல், அவுஸ்திரேலியா மீது வழக்குப் போட்டது. இந்தோனேசியா வழக்கில் இல்லை, ஆகவே விசாரிக்க மாட்டோம் என்றது நீதிமன்றம், 1995இல். பதினான்கு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறு பக்கம். அந்த இரண்டில் ஒருவர் வீரமந்திரி. இரண்டு அரசுகள் உட்கார்ந்து மூன்றாம் ஆளின் வாழ்வைப் பங்கு போட்டது அங்கேயும் நடந்தது. வகுப்பில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் படிப்பிக்கும்போதெல்லாம் இந்த வழக்கையும் பக்கத்தில் வைத்தேன்.

கண்டி, சட்ட மாணவர்: பொருந்தாது சேர். அது ஒரு நிலப்பரப்பு மக்களின் சுயநிர்ணயம். மலையக மக்களின் பிரச்சினை நாடற்ற நிலை.

ஒப்புக்கொள்கிறேன், நல்ல பிடி. பசிபிக் தீவான நாவுருவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொஸ்பேற் அள்ளிப் பாழாக்கிய அந்தத் தீவுக்கான விசாரணைக் குழுவின் தலைவர் வீரமந்திரிதான். நாவுரு அவுஸ்திரேலியா மீது வழக்குப் போட்டது. 1993இல் அவுஸ்திரேலியா 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு இணங்கியது. நாவுரு 1968இல் நாடானதால்தான் அந்த வாசலில் நிற்க முடிந்தது. நாடே இல்லை என்று சொல்லப்பட்டவன் நாடுகளுக்கான நீதிமன்றத்துக்கு எப்படிப் போவான்? அவர் சண்டை பிடித்தது அந்தப் பூட்டோடுதான். தீமோர் வழக்கில் இரண்டு வாக்குத்தான் விழுந்தது என்றாலும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

லிந்துலை: தனியாள் போகவே முடியாதா?

ஜெனீவாவில் ஐ.நா.வின் மனித உரிமைகள் குழு இருக்கிறது. தனியாள் அங்கே முறையிட இடம் தரும் நெறிமுறையில் இலங்கை 1997இல் சேர்ந்தது. 2006இல் எங்கள் உயர் நீதிமன்றம் அப்படிச் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்றது. தவிர, அந்தக் குழு தருவதும் கருத்துத்தான். மறுபடியும் சொல்கிறேன், தீர்ப்பு அல்ல.

டிக்கோயா: ஹேக்கில் எங்கள் தோட்டத்துக்கு எதிராக…

இல்லை.

கொட்டகலை: உங்கள் வீட்டில் யாரும் இந்தியா போனார்களா சேர்?

பெரியப்பா குடும்பம், 1972இல். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏற்றி அனுப்பினோம்; தலைமன்னார், அங்கிருந்து கப்பல். கடைசியில் கூடலூரில் மறுபடியும் தேயிலைத் தோட்டம். பெரியம்மா எழுதிய முதல் கடிதத்தில், இங்கே எங்களைச் சிலோன்காரர் என்கிறார்கள் என்று இருந்தது.

மிச்சக் கேள்விகள் அடுத்த ஞாயிறு. காணி உறுதிக்காரர் பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.