லோடு லாரி போய்ச் சேருவதற்கு இந்தியாவிலேயே சிரமமான இடம் எது? அங்கே உண்மையில் எது கஷ்டம்?

நாமக்கல்லில் இருந்து லாரி ஓட்டுகிறேன். 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலை எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. அதனால் வளைவுக்குப் பயந்து சொல்லவில்லை. என் பதில் லடாக்கில் இருக்கும் லே. எங்கள் ஊர் வழியாகப் போகிற அதே 44ஆம் எண் நெடுஞ்சாலைதான் வடக்கே ஸ்ரீநகர் வரை போகிறது. அங்கிருந்து 1ஆம் எண் சாலை. சோனாமார்க், சோஜிலா கணவாய், திராஸ், கார்கில் தாண்டி லே போய்ச் சேர இன்னும் 420 கிலோமீட்டர்.

சோஜிலா சுமார் 11,500 அடி உயரம். மண்ணும் சேறுமாக இருக்கும் பாதையில் எதிர் வண்டிக்கு இடம் கிடைக்காது என்பதால் லாரிகளை ஒரு நேரம் ஏறவும் ஒரு நேரம் இறங்கவும் விடுகிறார்கள். நம் முறை வரும்வரை சோனாமார்க் பக்கம் வரிசையில் நிற்க வேண்டும். மலையில் ஓட்டத் தெரிந்தவனுக்கு ஏறுவது பெரிய விஷயம் இல்லை, இறங்குவதில்தான் புத்தி வேண்டும். எந்தக் கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சக்கரத்தில் உள்ள பிரேக் டிரம் சூடேறி, கடைசியில் மிதித்தாலும் வண்டி நிற்காது. நியூட்ரலில் விட்டு டீசல் மிச்சம் பிடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அப்புறம் குளிர். சாதாரண டீசல் அந்தக் குளிரில் மெழுகு மாதிரி கெட்டியாகி ஃபில்டரை அடைத்துவிடும். முன்பெல்லாம் விடியற்காலையில் டேங்குக்கு அடியில் தீ மூட்டிச் சூடுபடுத்துவார்கள். எவ்வளவு ஆபத்து என்று தெரிந்தும் வேறு வழி கிடையாது. 2019இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலைக் கொண்டுவந்தது. அது கிடைக்கிற பங்கில் நிரப்பிக்கொண்டால் பாதிக் கவலை விட்டது.

மீதிக் கவலை பிரேக்கில். லாரி பிரேக் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது, அந்தக் காற்றைச் சேர்த்து வைக்கும் ஏர் டேங்கில் தண்ணீர் சேரும். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அடியில் உள்ள வால்வைத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும். காற்றோடு சேர்ந்து எண்ணெய் கலந்த தண்ணீர் சீறிக்கொண்டு வரும். அப்படியே விட்டால் ராத்திரி உறைந்து காலையில் பிரேக் விடாது. ஒரு தடவை புதுப் பையன் ஒருவன் கிளீனராக வந்தான். திராஸில் ராத்திரி நிறுத்தியதும், “அண்ணே, ஹேண்ட் பிரேக் போட்டாச்சா?” என்று கேட்டான். “வேண்டாம்டா, ஈரத்தில் வந்திருக்கிறோம், பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கும். கியரில் விட்டிருக்கேன், நீ நாலு சக்கரத்துக்கும் கட்டை போடு” என்றேன். பக்கத்தில் நின்ற வண்டி காலையில் பூட்டிய சக்கரத்தோடு நகர மறுத்தபோதுதான் அவனுக்கு நம்பிக்கை வந்தது.

ஆனால் இதெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில். உண்மையான கஷ்டம் காத்துக் கிடப்பதில் இருக்கிறது. ஜம்மு தாண்டி ராம்பன் பக்கம் மண் சரிந்தால் 44ஆம் எண் சாலை அடைபடும். சின்ன வண்டிகளை முதலில் விடுவார்கள், நாங்கள் நாள் கணக்கில் நிற்போம். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. லாரிக்காரர்களில் பலரும் ப்ரீபெய்டுதான். பஞ்சாபில் இருந்து ஜம்முவுக்குள் நுழையும் லகன்பூர் எல்லை தாண்டியதும் போன் செத்துவிடும். வீட்டில் எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா என்று தெரியாமல் தவிப்பார்கள். சரக்கோடு எடுத்துப் போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டான ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் செல்லும். சமவெளியில் வேகமாக வந்து மிச்சம் பிடித்த நாட்கள் ராம்பனில் கரைந்துபோகும். பில்லை நீட்டிப்பதானால் காலாவதி நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னோ பின்னோதான் முடியும். அந்த நேரத்தில் பேச நெட்வொர்க் இல்லாவிட்டால் என்ன செய்வது?

இப்படி நிற்கும் நாட்களுக்குக் கூலி யார் தருகிறார்கள்? ஒரு முறை சோலார் பேனல் லோடு எடுத்துப் போனேன். கண்ணாடிச் சரக்கு என்பதால் ஊர்ந்து ஊர்ந்துதான் போனேன். லேயில் குடோன் இருந்த சந்துக்குள் பெரிய வண்டி நுழையவில்லை, டெம்போவுக்கு மாற்றி ஒவ்வொரு பெட்டியாகக் கையால் இறக்கினோம். அந்த உயரத்தில் நாலு பெட்டி தூக்கினாலே மூச்சு வாங்கும். பேனல் ஒன்றுகூட உடையவில்லை. ஆனாலும் ஹால்டிங், அதாவது நின்ற நாட்களுக்கான கூலி, கேட்டதற்கு, “ரோடு அடைத்ததற்கு நாங்கள் என்ன செய்வோம்?” என்று கையை விரித்துவிட்டார்கள். ரோடு அடைத்தது என் குற்றமும் இல்லையே. வண்டிக்குத் தவணை ஓடுகிறது, கிளீனருக்குப் படி தர வேண்டும். இது ஒரு ஆள் செய்கிற அநியாயம் இல்லை, வழக்கமாகவே ஆகிவிட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

சாலை முன்பைவிட நல்லதாகிக்கொண்டு வருகிறது. சோனாமார்க் சுரங்கம் 2025 ஜனவரியில் திறந்தது. 13 கிலோமீட்டர் நீளச் சோஜிலா சுரங்கம் முடிந்துவிட்டால் கணவாய் மேலே ஏறவே வேண்டாம். பனியில் கணவாய் மூடுவதால் சாலை அடைபடுவதும் நிற்கும். என் காலத்தில் அதில் ஒரு லோடு ஓட்டிவிட வேண்டும் என்று ஆசை.

லே லோடு எடுக்க நினைக்கிற தம்பிகள் போஸ்ட்பெய்டு சிம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஹால்டிங் நாளுக்கு எவ்வளவு என்பதை ஏற்றும் இடத்திலேயே எழுதி வாங்குங்கள். கார்கிலுக்கும் லேவுக்கும் நடுவில் 13,000 அடிக்கு மேல் இருக்கிற ஃபோட்டு லா கணவாய் பக்கம் தூக்கம் வந்தாலும் அங்கே படுக்காதீர்கள், தலைவலியும் வாந்தியும் வரும். கார்கில் உயரம் குறைவு, ராத்திரியை அங்கே கழித்துவிட்டு விடிந்ததும் ஏறுங்கள்.