ஜென்னே மண் மசூதி: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: மாலி நாட்டு ஜென்னே பெரிய மசூதி முழுக்க மண் என்கிறார்கள். மழையில் கரையாதா?

பதில்: கரையும். அதனால்தான் மழைக்காலத்துக்கு முன்பாக ஆண்டுதோறும் ஊரே கூடிப் பூசுகிறது. வண்டல் மண்ணில் உமி கலந்து, தண்ணீர் விட்டுப் பல நாள் ஊறவைத்துப் புளிக்க விடுவார்கள். அப்போதுதான் பசை ஏறும், காயும்போது வெடிப்பும் குறையும். பெண்கள் தண்ணீர் சுமப்பார்கள், பையன்கள் சேற்றுக்கூடையோடு ஓடுவார்கள், கொத்தனார்கள் சுவரில் ஏறி வெறும் கையாலேயே இழுத்துப் பூசுவார்கள். கூரைத் தண்ணீர் சுவரில் வழியாதபடி சுட்ட மண் குழாய்களை வெளியே நீட்டி வைத்திருக்கிறார்கள். கட்டடமும் உயரமான மேடைமேல்தான் நிற்கிறது.

கேள்வி: சுவரில் குத்தி நிற்கும் கட்டைகள் அழகுக்கா?

பதில்: அழகும் உண்டு. முதல் வேலை சாரம். பூசுகிறவர்கள் அவற்றின்மேல்தான் நிற்கிறார்கள். மரம் ஆப்பிரிக்கப் பனை, நம்மூர்ப் பனையின் நெருங்கிய உறவு. வைரம் பாய்ந்த பனையைக் கரையான் லேசில் தொடாது.

கேள்வி: சிமென்ட் பூசிவிட்டால் வருஷா வருஷம் வேலை இல்லையே?

பதில்: தயவுசெய்து வேண்டாம். மண் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். மேலே சிமென்ட் பூச்சு போட்டால் கீழிருந்து ஏறும் ஈரமும் விரிசலில் இறங்கும் மழையும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். வெளியே பார்க்கப் பளிச்சென்று இருக்கும். விரலால் தட்டினால் பொத்தென்று ஓசை வரும். ஒருநாள் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும்போது பின்னால் சுவர் சேறாகியிருக்கும்.

கேள்வி: இதைக் கட்டியதே பிரெஞ்சுக்காரர்கள்தானே?

பதில்: இல்லை. இன்றைய மசூதி 1907இல் முடிந்தது. வேலையை நடத்தியவர் ஜென்னே கொத்தனார் சங்கத் தலைவர் இஸ்மாயிலா திராவோரே.

கேள்வி (அவரே): ஆட்சி அவர்களுடையது. முகப்பு அவ்வளவு சீராக இருப்பது ஐரோப்பிய மூளை அல்லவா?

பதில்: இப்படி வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. காலனி நிர்வாகம் துணை நின்றதும், கட்டாய உழைப்பு வாங்கப்பட்டதும் உண்மை. அதை மறைக்கக் கூடாது. ஆனால் ஜென்னேயின் பழைய வீடுகளின் முகப்பைப் பாருங்கள். அதே செங்குத்துத் தூண்கள், உச்சியில் அதே கூம்புகள், அதே ஒழுங்கு. தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய தொழில் அது. மண் கட்டடம் என்றாலே வெளியிலிருந்து ஒரு மூளை வந்திருக்க வேண்டும் என்று நினைப்பதை என்னால் ஏற்க முடியாது.

கேள்வி: 2009இல் கோபுரம் இடிந்ததே? மண் பலவீனம்தானே?

பதில்: நவம்பரில் பெய்த கனமழையில் தெற்குக் கோபுரத்தின் மேல்பகுதி விழுந்தது. மறுபடி மண்ணாலேயே கட்டினார்கள். பழைய பூச்சைச் சுரண்டாமல் மேலே மேலே பூசினால் சுமை கூடும் என்பதைப் பராமரிப்பவர்கள் மறக்கக் கூடாது.

கேள்வி: வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: மூன்றாம் பதிலைப் படியுங்கள். சிமென்ட்டுக்குச் சொன்னதுதான் இதற்கும்.

கேள்வி: மண் கட்டடங்களுக்குப் பேர்போன கட்டடக் கலைஞர் பிரான்சிஸ் கெரே சிமென்ட் சேர்த்தாரே?

பதில்: நல்ல கேள்வி. புர்கினா பாசோவின் காந்தோ ஊர்ப் பள்ளிக்கு (2001) மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து கல் அறுத்தார். கல்லுக்குள் கலப்பது வேறு, பழைய மண் சுவர்மேல் பூசுவது வேறு. தகரக் கூரையையும் சுவரைவிட்டு உயர்த்தி வெளியே நீட்டினார், அதனால் மழை சுவருக்கு வருவதில்லை, சூடும் காற்றோடு போய்விடுகிறது.

கேள்வி: சுவருக்கு சிமென்ட் பூசினால்...

பதில்: வேண்டாம். மூன்றாம் பதில்.