ஆட்டுக் கொட்டிலுக்கு எந்தக் கிருமிநாசினி?

கேள்வி: குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. இரண்டு பசு, எட்டு ஆடு வளர்க்கிறோம். தினமும் ஃபினாயில் ஊற்றிக் கழுவியும் குட்டிகளுக்குக் கழிச்சல் நிற்கவில்லை. அடுத்த ஊரில் கோமாரி என்றும் சொல்கிறார்கள். வேறு எந்த மருந்து வாங்கலாம்?

பதில்: வாங்குவது இருக்கட்டும், முதலில் ஆட்டுக் கொட்டிலைத் தினமும் கழுவுவதை நிறுத்துங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. காலையில் ஊற்றிய தண்ணீர் மாலையிலும் பலகை இடுக்கில் நிற்கும். குட்டிகளுக்கு அடிக்கடி கழிச்சல் உண்டாக்கும் காக்சிடியா ஒட்டுண்ணி அந்த ஈரத்தில்தான் வளர்கிறது. அதன் முட்டைக்குத் தடித்த உறை உண்டு. ஃபினாயிலுக்கும் பிளீச்சிங் பவுடருக்கும் அது மசியாது. புழுக்கையை உலர்ந்தபடியே தினமும் பெருக்கி அள்ளுங்கள். வெயிலடிக்கும் நாளாகப் பார்த்து, ஆடுகளை வெளியே கட்டிவிட்டு, இடுக்குகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் காயவிடுங்கள். கழிச்சலுக்கு வேறு காரணங்களும் உண்டு என்பதால், சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் பரிசோதித்த பிறகே குட்டிகளுக்கு மருந்து கொடுங்கள்.

கோமாரிக்கு வேறு கணக்கு. அந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. அதனால் ஃபினாயில் அதனிடம் எடுபடாது. காரத்துக்கும் அமிலத்துக்கும்தான் அது பணியும். மலிவான வழி சலவைச் சோடா: பத்து லிட்டர் தண்ணீருக்கு 400 கிராம் தூள். நீர் கோத்த படிகமாகக் கிடைத்தால் ஒரு கிலோ வேண்டும். சமையல் சோடாவை வாங்கிவிடாதீர்கள். இந்தக் கரைசலைக் கழுவிய தரையில் தெளித்துப் பத்து நிமிடமாவது ஈரமாக நிற்க விடுங்கள். வாசலில் கால் நனைக்கும் தொட்டியிலும் இதையே ஊற்றி, மழை விழாதபடி கூரை போட்டு, கலங்கியதும் மாற்றுங்கள். அலுமினியப் பால் கேனில் படவேண்டாம், அரித்துவிடும். தடுப்பூசிக்கு இது மாற்றும் அல்ல.

பாக்டீரியாவுக்கும் பொதுவான தொற்றுக்கும் பிளீச்சிங் பவுடர் போதும்: லிட்டருக்கு 30 கிராம், இருபது நிமிடம், பிறகு அலசல். சாணத்தின் மேல் கொட்டினால் அதன் வீரியமெல்லாம் சாணத்தோடு போய்விடும். சுரண்டிக் கழுவிய தரைக்கே அது மருந்து. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் திறந்த பொட்டலம் விரைவில் சத்திழக்கும். மூக்கைத் துளைக்கும் நெடி இல்லாத பழைய பவுடரை வாங்காதீர்கள்.

உங்களுக்கென்றே ஓர் எச்சரிக்கை. ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட் வீட்டில் இருக்குமே, அதே அறையில் பிளீச்சிங் பவுடரை வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது நுரையீரலைப் புண்ணாக்கும். தேங்கிய கோமியத்தின் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினாலும் நச்சு வாயு வரும்.

மிச்சமிருக்கும் ஃபினாயிலை வெளி வாய்க்காலில் ஊற்றலாம், கறவை நேரத்தில் மட்டும் வேண்டாம். பால் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். வீட்டில் பூனை இருந்தால் வாய்க்காலிலும் வேண்டாம். ஃபினாயிலில் உள்ள ஃபீனாலைப் பூனையின் ஈரல் சரியாகச் செரித்து வெளியேற்றாது.