அறுபது நாள்ல காலி பண்ணச் சொன்னா: துபாய் வாடகை வீடு

தம்பி, பெருந்துறையில இருந்து வந்து அஞ்சு மாசம்தான் ஆச்சு, துபாய் குசைஸ் ஏரியாவுல குடியிருக்கிற ஃபிளாட்டை ஓனர் விக்கப் போறாரு, "அறுபது நாள்ல காலி பண்ணுங்க, இல்லீன்னா ஏசியை நிறுத்திருவோம்"னு ஏஜென்ட் வாட்ஸ்ஆப்ல அனுப்பியிருக்காருன்னு எழுதியிருந்தீங்க. காலி பண்ண வேண்டாமுங்க. அந்த மெசேஜ் சட்டப்படி நோட்டீஸே ஆகாது. ஆனா அழிச்சுராதீங்க, மிரட்டினதுக்குச் சாட்சி அதுதான்.

நம்மூர்ல பதினோரு மாச அக்ரிமென்ட் முடியற நேரத்துல, "பையனுக்குக் கல்யாணம், வீடு வேணுமுங்க"ன்னு ஓனர் வாசல்ல வந்து நின்னாலே, மூஞ்சி பார்த்துப் பழகிட்டோமேன்னு சாமான் கட்டிருவோம். அதே பழக்கத்துல இங்கயும் நம்மாளுங்க கிளம்பிடறாங்க. பாதிப் பேருக்குக் கிளம்ப வேண்டிய கட்டாயமே இருந்திருக்காது.

துபாய்ல இதுக்கு 2007-ம் வருச 26-ம் எண் சட்டம், அதைத் திருத்தின 2008-ம் வருச 33-ம் எண் சட்டம். அதுல 25-வது பிரிவுதான் உங்க கவசம். வீட்டை விக்கறது, இடிச்சுக் கட்டறது, ஆள் இருந்தா செய்ய முடியாத பெரிய மராமத்து, ஓனரோ அவரோட பெத்தவங்க, பிள்ளைங்களோ குடிவர்றது: இந்த நாலுல ஒண்ணு இருந்தாத்தான், அதுவும் ஒப்பந்தம் முடிஞ்ச பொறகுதான், காலி பண்ணச் சொல்லலாம். காரணத்தை எழுதி, 12 மாசம் முன்கூட்டி, நோட்டரி மூலமாவோ பதிவுத் தபால்லயோ அனுப்பணும். அந்த 12 மாசத்துக்கு நடுவுல ஒப்பந்தம் முடிஞ்சா புதுப்பிச்சுட்டு இருக்கலாம். தபால் வந்தா உறையைக் கிழிச்சுப் போட்டுராதீங்க, கைக்கு வந்த தேதியைப் பேனாவால அதுமேலயே குறிச்சு வையுங்க. வழக்குன்னு வந்தா முதல்ல அந்தத் தேதியைத்தான் பார்ப்பாங்க.

ஓனர் "எனக்கே வேணும்"னா, அதுக்குத் தோதான வேற வீடு தனக்கு இல்லைன்னு அவரே நிரூபிக்கணும். அப்படிச் சொல்லி உங்களைக் காலி பண்ண வச்சுட்டு ரெண்டு வருசத்துக்குள்ள வேறொருத்தருக்கு வாடகைக்கு விட்டாருன்னா நீங்க நஷ்டஈடு கேக்கலாம். வீடு கைமாறினாலும் உங்க ஒப்பந்தம் முறியாது, புது ஓனரையும் அது கட்டுப்படுத்தும்.

ஒப்பந்தக் காலத்துக்குள்ளயே வெளியேத்தற வழியும் இருக்கு, அதுக்கு மட்டும் இடம் கொடுத்துராதீங்க. நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள்ள வாடகை கட்டலைன்னா போச்சு. செக் திரும்பினா நோட்டீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்காம உடனே பணத்தைக் கட்டிருங்க. சில ஓனர்ங்க வேணும்னே வாடகையை வாங்காம இழுப்பாங்க, பொறகு "கட்டவே இல்லை"ம்பாங்க. அப்படி நடந்தா வாடகைத் தகராறு மையத்துல பணத்தைக் கட்டி ரசீது வாங்கிக்கலாம்.

இன்னொண்ணு, நம்ம பசங்க அதிகமா மாட்டற இடம். சேலம், ஈரோட்டுல இருந்து வர்ற பசங்களுக்கு பெட் ஸ்பேஸ்னு (படுக்க ஒரு கட்டில் இடம்) ஒரு ரூமை, வாடகைக்கு இருக்கறவங்களே உள்வாடகைக்கு விட்டுடுவாங்க. ஓனர் எழுத்துல சம்மதிக்காம விட்டா, விட்டவர், இருக்கறவர் ரெண்டு பேரையும் வெளியேத்தலாம். இருந்த பையன் தன் நஷ்டத்தை விட்டவர்கிட்டத்தான் கேக்கணும்.

ஏசியோ தண்ணியோ நிறுத்தறது ஓனர் செய்யவே கூடாத காரியம், 34-வது பிரிவு. நிறுத்தினா போலீஸ்ல சொல்லி எழுத்துல பதிவு பண்ணிட்டு, துபாய் தேரா ஏரியாவுல இருக்கற அந்த வாடகைத் தகராறு மையத்துல வழக்குப் போடுங்க. கட்டணம் வருச வாடகையில 3.5 சதவீதம், குறைஞ்சது 500 திர்ஹம், அதிகபட்சம் 20,000. அறுபதாயிரம் வாடகைன்னா 2,100 ஆகும். எஜாரி பதிவு (வாடகை ஒப்பந்தத்தை அரசாங்கத்துல பதியறது) இல்லாமப் போனா சிக்கல், அதனால உங்க பேர்ல எஜாரி இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. பேப்பரெல்லாம் அரபியில மொழிபெயர்க்கணும், அந்தச் செலவு தனி.

இதெல்லாம் துபாய்க்குத்தான். ஷார்ஜாவுல வேற சட்டம், அங்க இருக்கற சொந்தக்காரங்களுக்கு இதை அப்படியே சொல்லிராதீங்க.

ஏஜென்டுக்கு இன்னைக்கே ஒரு வரி எழுதுங்க: "நோட்டரி மூலமா நோட்டீஸ் அனுப்புங்க, வாடகை தேதி தவறாம வந்துரும்." ஃபோன்ல பேசாதீங்க, எழுத்துல மட்டும்.