வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது?

வாஷிங்டன் என்ற ஓர் ஊரின் பெயரிலிருந்துதான். இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்துக்குப் பக்கத்தில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது. பெயரின் கடைசியில் உள்ள 'டன்', பழைய ஆங்கிலத்தின் 'டூன்'; அதற்குப் பண்ணை அல்லது குடியிருப்பு என்று பொருள். ஹ்வாசா என்பவரின் வழியினர் இருந்த இடம் என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.

12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்ற நிலக்கிழார் அங்கே குடியேறினார். அக்காலத்தில் நிலம் மாறினால் பெயரும் மாறும்; அவரும் 'டி வெஸ்ஸிங்டன்' ஆனார். வெஸ்ஸிங்டன் என்பது வாஷிங்டனின் பழைய வடிவம். 'டி' என்பது பிரெஞ்சுச் சொல், இன்ன ஊரைச் சேர்ந்தவர் என்று காட்டுவது. அப்புறம் அது உதிர்ந்துபோனது. அந்த வழியில் வந்த ஜான் வாஷிங்டன் 1650களில் இன்றைய அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குடியேறினார். ஜார்ஜ் வாஷிங்டனின் கொள்ளுத்தாத்தா இவர்தான்.

ஆனால் ஜார்ஜுக்குப் பிள்ளைகள் இல்லை. இன்று அமெரிக்காவில் இப்பெயர் கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அடிமைமுறை ஒழிந்தபின் பலர் தாங்களே தேர்ந்தெடுத்த பெயர் இது. இந்த வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைப்பது இந்தப் பகுதிதான். பள்ளியில் முழுப்பெயர் கேட்டபோது, அதுவரை வெறும் புக்கராக இருந்த சிறுவன் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொன்னான். பின்னாளில் கல்வியாளராகப் புகழ்பெற்ற புக்கர் டி. வாஷிங்டன் அவர்தான்.